மார்பெலும்பும் உள்ளங்கையும்

மார்பின் மேற்புறத்தே, காறையெலும்பும் மார்பெலும்பும் முதல் விலாவும் கூடுமிடத்தில் சிலருக்கு நாட்பட்ட அழற்சி உண்டாகிறது. எலும்பு தடிக்கிறது; தோளை உயர்த்தினால் நோகிறது; வலி தணிவதும் மீள்வதுமாக ஆண்டுகள் கழிகின்றன. அரிய நோயாதலின், புற்றோ கிருமித்தொற்றோ என ஐயுற்று எலும்பைக் கீறி ஆராய்வதும் உண்டு. அங்கே பெரும்பாலும் கிருமி அகப்படுவதில்லை.

துப்பு வேறிடத்தில் இருக்கிறது. இந்நோயாளர் பலருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க்கொப்புளங்கள் எழுகின்றன. நாமோ மார்புவலிக்கு ஒரு மருத்துவரையும் கொப்புளத்துக்கு மற்றொருவரையும் நாடுகிறோம். இவரிடம் அதைச் சொல்ல வேண்டுமென்று நமக்குத் தோன்றுவதேயில்லை. சொல்லிவிட்டால் பாதி வழக்குத் தீர்ந்தது எனலாம்.

இவ்வுறவை முதலில் எடுத்துக்காட்டியவர்களுள் ஜப்பானிய மருத்துவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1987-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மூட்டுறை அழற்சி, முகப்பரு, சீழ்க்கொப்புளம், எலும்புத் தடிப்பு, எலும்பழற்சி ஆகியவற்றை அவர்தம் மொழியில் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துக்களைக் கோத்துச் 'சாஃபோ' என்று பெயரிட்டனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் ஓர் இடர்ப்பாடே. ஐந்தையும் தமிழாக்கினால் முதலெழுத்துக்கள் சொல்லாக மறுக்கின்றன! ஆயினும் பிரிந்து கிடந்த குறிகளை ஒரு பெயர் ஒன்றாக்கிற்று.

சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஊசிவழிச் செலுத்திப் படமெடுத்தால், நோயுற்ற எலும்புகள் கொம்புடைய காளைத்தலைபோல் தோன்றுவதுண்டு. அழற்சி தணிக்கும் மாத்திரைகளும், அவை போதாதபோது பாமிட்ரோனேட் முதலிய மருந்துகளும் பலருக்கு வலியைக் குறைத்திருக்கின்றன.