நான்கு நாள் தொட்டியும் நொய்யல் ஆறும்

செயற்கைச் சாயம் ஒன்று நன்னீர் மீன்களுக்குக் குறுகிய காலத்தில் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை அளக்க, 96 மணி நேரம், அதாவது நான்கு நாள்கள், நடத்தப்படும் ஒரு சோதனை உண்டு. அதன் முடிவு ஒற்றை எண்ணாக வெளிவருவதாலும், அந்த எண்ணைக் கொண்டே ஒரு சாயம் நஞ்சென்றும் தீங்கற்றதென்றும் பெயர் பெறுவதாலும், சாயத்தொழிலால் பிழைப்பும் சாயக்கழிவால் துயரும் ஒருங்கே கண்ட கொங்கு நாட்டில், அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டும்.

தொட்டியில் விடப்பட்ட மீன்களில் சரிபாதி நான்கு நாள்களுக்குள் இறந்துபோகும் அளவுக்கு நீரில் கலந்திருக்கும் நஞ்சின் அடர்த்தியே, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லப்படும் அந்த எண். ஆய்வாளர்கள் அதை எல்.சி.50 என்று சுருக்கமாக வழங்குகின்றனர். முழுச் சாவைக் குறிக்காமல் பாதிச் சாவைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே குளத்தில் வளர்ந்த மீன்களிலும் சில மெலிந்தவை, சில தாங்கும் வலிமை மிக்கவை. முதலில் சாகும் மீனையோ கடைசியில் சாகும் மீனையோ அளவுகோலாக்கினால், சோதனையைத் திரும்பச் செய்யும்போதெல்லாம் எண் தடுமாறும், நடுவில் நிற்பதோ பெரிதும் அசையாது. மருந்துகளின் வீரியத்தை அளப்பதற்காக டிரெவன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1927இல் முன்வைத்த இந்தக் கருத்தே பிற்காலத்தில் நீர்வாழ் உயிர்களுக்கும் எடுத்தாளப்பட்டது.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1981இல் வெளியிட்டு, 1992இலும் 2019இலும் திருத்திய 203ஆம் வழிகாட்டி, இந்தச் சோதனையின் ஒழுங்கை வகுத்துத் தருகிறது. வரிக்குதிரை மீன், சாதாக் கெண்டை போன்றவை அதில் இடம்பெற்றிருக்க, இந்திய ஆய்வுக்கூடங்களில் ரோகு, மிர்கால், கட்லா ஆகியவற்றின் குஞ்சுகளும் பயன்படுகின்றன. வாங்கிவந்த குஞ்சுகள் உடனே சோதனைக்கு விடப்படுவதில்லை. அவை ஒரு வாரத்துக்கும் மேலாக அதே நீரில் பழக்கப்படுகின்றன, அந்நாள்களிலேயே பத்தில் ஒன்றுக்கு மேல் இறந்தால் அந்தத் தொகுதி முழுவதும் ஒதுக்கப்படுகிறது, தேறியவற்றுக்குச் சோதனை தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே உணவு நிறுத்தப்படுகிறது. பின்னர் ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறத்தாழ இருமடங்காக அமையும் ஐந்து அடர்த்திகளில் சாயம் கரைக்கப்பட்டு, ஒவ்வொரு தொட்டியிலும் குறைந்தது 7 மீன்கள் விடப்படும்போது, சாயமே கலக்காத தொட்டி ஒன்றும் பக்கத்தில் வைக்கப்படுகிறது. ஒப்புக்கு வைத்த அந்தத் தொட்டியில் பத்தில் ஒன்றுக்கு மேல் இறந்தாலோ, தொட்டி நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்த வெப்பநிலையில் நீர் ஏற்கக்கூடிய முழு அளவில் 60 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ, முடிவு செல்லாது. செவுள் மூடி அசையாமலும், வாலடியைத் தொட்டால் துடிக்காமலும் கிடக்கும் மீன் இறந்ததாகக் கொள்ளப்படுகிறது.

பிற நஞ்சுகளுக்கு இல்லாத இடர்கள் சாயத்துக்கு உண்டு என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். நிறம் அடர்ந்த நீரில் செவுளின் அசைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே உயிருள்ள மீனை இறந்ததென்றும் இறந்ததை உயிருள்ளதென்றும் எண்ணிவிட இடமுண்டு. சில சாயங்கள் கண்ணாடிச் சுவரிலும் மீனின் கழிவிலும் ஒட்டிக்கொள்வதாலும், சில வெளிச்சத்தில் வெளுத்துப்போவதாலும், முதல் நாள் எடைபோட்டுக் கரைத்த அளவு நான்காம் நாள் நீரில் இருப்பதில்லை. எனவே நாள்தோறும் நீரை மாற்றி, நீரில் உண்மையில் எஞ்சிய சாயத்தை அளந்து எழுதாத அறிக்கை, நஞ்சைக் குறைத்துக் காட்டும் அறிக்கையாகவே முடியும். கடையில் விற்கும் சாயத்தூள் தூய சாயமுமன்று. அதில் உப்பும் துணைப்பொருள்களும் கலந்திருப்பதால், எடைபோட்டது தூளையா, அதிலுள்ள சாயத்தையா என்பதைச் சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

சாயங்கள் எல்லாம் ஒரே தரத்து நஞ்சல்ல. பட்டுக்கும் தோலுக்கும் நிறமேற்றிய மாலகைட் பச்சை, மீன்மேல் படரும் பூஞ்சையைக் கொல்லும் மருந்தாக 1930களிலிருந்து மீன் பண்ணைகளிலும் பயன்பட்டது. ஆனால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த அளவிலேயே பல நன்னீர் மீன்களில் பாதியை அது நான்கு நாளில் மாய்த்துவிடும். நீர் சூடேற அதன் கொடுமையும் ஏறும். பிழைத்த மீனின் தசையிலோ அது நிறமற்ற வேறொரு வடிவமாக மாறி நெடுநாள் தங்கிவிடுகிறது, அதனாலேயே உண்ணும் மீனுக்கு இதைப் பயன்படுத்தப் பல நாடுகள் தடை விதித்தன. நேர்மின்னூட்டம் கொண்ட இத்தகைய காரச் சாயங்கள் செவுளின் மென்மையான திசுவில் எளிதில் பற்றி மூச்சைக் கெடுப்பதால், சாய வகைகளிலேயே மீனுக்குக் கொடியவையாக எண்ணப்படுகின்றன.

திருப்பூரின் பருத்திப் பின்னலாடைக்கு நிறம் தரும் வினைச் சாயங்களோ, அதாவது நூலிழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயங்களோ, பெரும்பாலும் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கலந்தாலும் மீனை நான்கு நாளில் கொல்வதில்லை. ஏட்டளவில் அவை தீங்கு குறைந்தவை. ஆயினும் அவ்வூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு கெட்டது. அந்தச் சாயம் இழையில் ஏறுவதற்காகச் சாயத்தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பைக் கொட்ட வேண்டியிருப்பதும், இழையில் பற்றாத சாயமும் அந்த உப்பும் சேர்ந்தே கழிவாக வெளியேறுவதும் அந்த எண்ணுக்குள் அடங்கவில்லை. கெண்டை நான்கு நாள் தாங்கிக்கொள்ளும் உப்பளவில் கிணற்று நீர் குடிக்கவும் ஆகாது, பயிருக்குப் பாய்ச்சவும் ஆகாது. பாசனத்துக்கென 1992இல் நொய்யலின் குறுக்கே எழுந்த ஒரத்துப்பாளையம் அணையின் நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது; இதைவிட வேதனையான சான்று வேறு வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பின்னரே, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்னும் விதி அங்கே வலுப்பெற்றது.

தனிச் சாயத்தைச் சோதிப்பதைவிடக் கழிவையே சோதிப்பது நேர்மையான வழி என்பதற்கு இந்தியச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் அடங்கிய பொதுத் தரங்கள், நீர் சேர்த்து நீர்க்கச் செய்யாத முழுக் கழிவில் விடப்பட்ட மீன்களில் 90 விழுக்காடு 96 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடிருக்க வேண்டும் என்கின்றன. உப்பு, சாயம், சோடா, சலவைப்பொருள் என அனைத்தும் கூடி என்ன செய்கின்றன என்பதைத் தனித்தனி எண்கள் காட்டாதபோது மீன் காட்டிவிடும் என்பதால் இது நல்ல விதி. ஆனாலும் முட்டை பொரியாமல் போவதும், குஞ்சு வளராமல் குன்றுவதும், நிறத்தால் வெயில் புகாத ஆற்றில் பாசி வாடுவதும், அசோ வகைச் சாயங்கள் காற்றில்லாத சேற்றில் சிதைந்து நச்சு அமீன்களாவதும் நான்கு நாளில் தெரிவதில்லை. முழு மீனுக்கு மாற்றாக, வரிக்குதிரை மீனின் கருமுட்டையில் செய்யும் சோதனை 2013இலும், மீன் செவுள் செல்களை மட்டும் கொண்டு செய்யும் சோதனை 2021இலும், 203ஆம் வழிகாட்டியை வெளியிட்ட அதே பன்னாட்டு அமைப்பால் ஏற்கப்பட்டுள்ளன. மீன்களின் வேதனையைக் குறைப்பதால் அவை வரவேற்கத்தக்கவை.

கழிவின் காரத்தன்மையையும் வேதிச் சுமையையும் கருவிகள் இடைவிடாமல் அளந்து அனுப்பும் இந்நாளிலும், அந்தக் கருவிகளுக்கு நஞ்சை உணரும் திறமில்லை. ஆகவே, மழைநாளில் நொய்யலில் நிறம் தென்படுமானால், அன்றைய ஆற்றுநீரை அன்றே எடுத்து மீன் சோதனைக்கு உட்படுத்தி, மீனின் இனம், எடை, நீரின் வெப்பம், சாயம் கலவாத தொட்டியில் இறந்தவை, இறவாத மீன்கள் மேலே வந்து காற்றை விழுங்கினவா, நிலை தடுமாறி நீந்தினவா என்னும் குறிப்புகள் உட்பட முழு அறிக்கையையும் தமிழில் கரையோர ஊராட்சிகளின் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது, இந்த அவையின் முன் வைக்கப்படும் கோரிக்கை.