கரையேறியவர்களின் சிலேடை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சொல்லுக்கும் வாழ்வுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நூல்களைத் துணைக்கொண்டு பேசுவது ஆசிரியத் தொழிலில் இருப்பவர்க்கு எளிது. ஆயினும் இன்று தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தை அடுத்த தெருக்களில் நான் கேட்ட பேச்சை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். தோணிகளிலும் வணிகக் கப்பல்களிலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர்கள் சிலர் அங்கே மாலைதோறும் கூடுகின்றனர். அவர்கள் கூடுமிடத்தில் பேச்சு மெல்லச் சொல்விளையாட்டாக மாறிவிடும். சில ஆண்டுகளாக அதைக் கேட்டுக் குறித்து வருகிறேன்.

தூத்துக்குடியின் கடல் வணிகம் நீங்கள் அறியாததன்று. வ.உ.சி. அவர்கள் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இவ்வூரில்தான். பெருந்துறைமுகம் 1974இல் செயற்பாட்டிற்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் பழைய துறைமுகத்திலிருந்து மரத்தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்றன. பாய்விரித்து ஓடிய தோணிகளில் பிற்காலத்தில் எந்திரம் பொருத்தப்பட்டது. தோணித் தொழிலின் உயர்வையும் தாழ்வையும் ஜோ டி குருஸ் 2009இல் வெளிவந்த தம் 'கொற்கை' நாவலில் விரிவாக வரைந்துள்ளார். நான் கேட்ட முதியவர்களில் சிலர் தோணியில் தொடங்கிப் பின்னர்ப் பெருங்கப்பலுக்குச் சென்றவர்கள்.

கப்பலில் வழங்கும் பேச்சே ஒரு கலவை மொழி. சுக்கான் அரபு வழியாக வந்த சொல். நங்கூரம் பாரசீகத்தோடு உறவுடையது. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் குடியேறிவிட்டது. சாரங்கு, தண்டல், சுக்கானி, பண்டாரி என்று பதவிப் பெயர்கள் பல கரைகளிலிருந்து வந்து ஒரே தளத்தில் நின்றன. ஐரோப்பியர் கப்பல்களில் பணிபுரிந்த இந்திய மாலுமிகளின் இப்பேச்சுக்குத் தாமஸ் ரோபக் என்பவர் 1811இல் கல்கத்தாவில் ஓர் அகராதியே வெளியிட்டார். இத்தகைய மொழிச்சூழலில் வாழ்ந்தவனுக்கு ஒரு சொல் கப்பலில் ஒன்றாகவும் கரையில் வேறொன்றாகவும் ஒலிப்பது அன்றாட அனுபவம். அவன் சிலேடையை ஏட்டிலிருந்து கற்க வேண்டியதில்லை.

சிலேடையைத் தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இருவகைப்படுத்தும். சொல் பிரியாமல் நின்று இருபொருள் தருவது முன்னது. பிரிந்து நின்று வேறுபொருள் தருவது பின்னது. பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் பாடிய காளமேகப் புலவரை நாம் வியக்கிறோம். தமிழையும் கடலையும் இரட்டுற மொழிந்த தமிழழகனாரின் பாடலைப் பள்ளிப் பாடநூலில் படிக்கிறோம். வியந்தபின், "இது வித்துவான்களின் விளையாட்டு, வாழ்க்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்று மூடிவைத்துவிடுகிறோம். புதுக்கவிதை வந்தபின் இந்த மூடி இன்னும் இறுகிவிட்டது. அதைச் சற்றே திறக்கத் தூண்டியவர்கள் அந்த முதியவர்கள்.

வேலையை விட்டுவந்த ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வறுத்த கடலை விற்றுவந்தார். "கடலை விட்டேன், டீச்சரம்மா, கடலை விடவில்லை" என்றார். முதற்கடலை 'கடல் + ஐ' என்று பிரியும். அடுத்தது பிரியாமல் தட்டில் கிடக்கும். இலக்கணம் தவறாத பிரிமொழிச் சிலேடை! அருகிலிருந்தவர் விடவில்லை. "கொழும்பில் கடலையைக் கச்சான் என்பார்கள். இங்கே மேல்காற்றுக்குப் பெயர் கச்சான். அங்கே கச்சானைத் தின்றோம், வழியில் கச்சான் எங்களைத் தின்றது" என்று முடித்தார். அனைவரும் சிரித்தனர். அந்தக் காற்றில் போன தோணியொன்றில் அவருடைய உறவினர் ஒருவர் இருந்தார் என்பதையும், அவர் திரும்பவில்லை என்பதையும் வேறொருவர் பிறகு எனக்குச் சொன்னார். நேராகச் சொன்னால் தொண்டை அடைக்கும் செய்தியைச் சிலேடை சுமந்து வந்திருக்கிறது.

மரபுத்தொடர்களையும் அவர்கள் விட்டுவைப்பதில்லை. "மானம் போனால் கப்பலேறிவிட்டது என்று சொல்கிறீர்கள். எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்றியதே நாங்கள் கப்பலேறியதுதான்" என்றார் ஒருவர். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கைவைக்காதே என்னும் பழமொழிக்கு மற்றொருவர் உரை கண்டார்: "கரையில் இருப்பவன் சொன்னது அது. கப்பல் கவிழ்ந்தால் கை நீந்துவதற்கு வேண்டும். கன்னத்திற்கு எங்கே மிச்சம்?" பழமொழியைக் கரையிலிருந்து பார்ப்பதற்கும் கடலிலிருந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த உரையாசிரியர் இவ்வளவு சுருக்கமாகக் கூற முடியும்?

இவர்களுடைய சொற்களில் என்னை நெடுநேரம் நிறுத்தியது பாய். ஒருவர் சொன்னார்: "அன்று பாய் விரித்தால் தேசம் கடக்கும். இன்று பாய் விரித்தால் உறக்கம்கூட வருவதில்லை." நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு என்று கப்பல் பழக்கிய உடல், ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளாகியும் நள்ளிரவில் எழுந்து அமர்ந்துகொள்கிறதாம். தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி கதவருகில் நின்றபடியே, "பாய் விரித்தவள் நான், பயணம் போனவர் அவர்" என்றார். அங்கே சிரிப்பு எழவில்லை. பிள்ளைப்பேறு, காய்ச்சல், பள்ளிக்கட்டணம், சாவு வீடு என்று அத்தனையையும் ஒற்றையாளாக நடத்திய ஒரு பெண்ணின் வரலாறு அந்த மூன்றெழுத்துக்கு எட்டாத சொல்லுக்குள் இருந்தது. கணவர் கடலில் தேய்ந்தார். அவர் காத்திருப்பில் தேய்ந்தார். இருவர் பேசியதும் ஒரே பாய்தான், பொருள்தான் வேறு. செம்மொழிச் சிலேடைக்கு இனி வகுப்பில் எடுத்துக்காட்டுக் கூறும்போது இந்த இல்லறத்தை நினைக்காமல் என்னால் கூற இயலாது.

கரை என்னும் சொல்லுக்கு வருகிறேன். பெண்களுக்கு மணம்செய்து வைப்பதைக் கரையேற்றுதல் என்கிறோம். "மூன்று பெண்களைக் கரையேற்றினேன். அதன்பிறகே நான் கரையேறினேன். ஏறியபின் கரைகிறேன்" என்றார் ஒரு முதியவர். மூன்று குறுந்தொடர்களில் ஒரு முழு வாழ்க்கை. கப்பல்வேலை ஒப்பந்தத்திற்கு ஒப்பந்தம் நடப்பது; மாதந்தோறும் ஓய்வூதியம் காணாதவர் அவர்களில் பலர். ஈட்டியது பெண்களின் திருமணத்திலும் வீட்டுச் சுவரிலும் கரைந்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. வீட்டில் தமக்கென்று ஒரு வேலை இல்லாததே அவர் வருத்தம். தாம் இல்லாமலே நடக்கப் பழகிவிட்ட வீட்டில் தாம் எந்த நாற்காலியில் அமர்வது என்று தெரியவில்லை என்றார்.

இரவுக்காவலின்போது உறக்கத்தை விரட்ட அவர்கள் ஆடிய விளையாட்டு ஒன்றைக் கேளுங்கள். ஒருவர் ஓர் ஊர்ப்பெயர் சொல்ல வேண்டும். அதன் ஈற்றெழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். கொழும்பு, புன்னைக்காயல், லண்டன், நாகப்பட்டினம், மாலே என்று அது நீளும். னகரமும் நகரமும் ஒன்றாகுமோ என்று கேட்டேன். "அலையில் ஒன்றாகிவிடும்" என்று விடை வந்தது. அந்தாதி என்று நாம் பெயரிட்டுப் போற்றும் யாப்பு அங்கே கண் விழிக்க உதவியிருக்கிறது. அதில் ஒரு விதி உண்டு: எவரும் தம் சொந்த ஊரின் பெயரைச் சொல்லலாகாது. சொன்னவர் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். காரணம் கேட்டபோது, "அந்தப் பெயர் வந்துவிட்டால் அதற்குமேல் ஆட்டம் ஓடாது, அம்மா" என்றனர். நெய்தற்பாடல்களில் கரையில் நின்று இரங்கும் தலைவியை நாம் நன்கு அறிவோம். கப்பலில் இருந்துகொண்டு ஊர்ப்பெயரைக்கூட உச்சரிக்க அஞ்சும் ஆணின் இரக்கத்தை நம் கவிதை இன்னும் போதிய அளவு பாடவில்லை.

அவர்களுடைய விடுகதை ஒன்று: ஊர் வந்தால் இறங்குவான்; ஊரை விட்டால் ஏறுவான்; ஊருக்குள் மட்டும் வரமாட்டான். அவன் யார்? விடை நங்கூரம். கப்பலில் புதிதாகச் சேரும் இளைஞனிடம் இதைப் போடுவார்களாம். விடையைச் சொன்னவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்போது அதுதான் விடை. இப்போது கேட்டால், விடை நாங்கள்தான்" என்றார். விடுகதை அதே, விடை மாறிவிட்டது. வயது ஏற ஏறத் தன்னுள்ளேயே புதிய விடையைக் காட்டும் பாட்டைத்தானே நாம் நல்ல கவிதை என்கிறோம்?

இன்றைய கப்பல்களுக்கு இவ்விடுகதை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 1956இல் அமெரிக்காவில் தொடங்கிய கொள்கலன் போக்குவரத்து, துறைமுகத்தில் கப்பல் நிற்கும் காலத்தை நாட்களிலிருந்து மணிகளாகக் குறைத்தது. மலைபோன்ற கப்பலை இருபது பேருக்குச் சற்றே கூடுதலானவர்கள் நடத்துகின்றனர். ஓய்வு நேரத்தில் ஒவ்வொருவரும் தத்தம் அறையில் கைப்பேசித் திரையோடு தனித்திருக்கிறார் என்று அண்மையில் பணிமுடித்து வந்த ஒருவர் சொன்னார். "நாங்கள் திரையைப் பார்த்தோம், இவர்களும் திரையைத்தான் பார்க்கிறார்கள்" என்றார் மூத்தவர். பிறகு தம் முகத்தைத் தடவிக்கொண்டே, "கடைசியில் எல்லாரும் பார்க்கப்போகும் திரை இதுதான்" என்றார். அலை, கைப்பேசி, முதுமையின் சுருக்கம் என மூன்று பொருளை ஒரு சொல் தாங்கி நின்றது.

கவிஞர் பெருமக்களே! நீங்கள் அனைவரும் நாளைமுதல் சிலேடை பாட வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டாம் பொருள் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். நிகண்டு அதைப் பதிவுசெய்யலாம், பிறப்பிப்பது வாழ்வு. பாதி வாழ்வைக் கடலிலும் மறுபாதியைக் கரையிலும் கழித்தவர்க்கு ஒற்றைப் பொருட்சொல் போதவில்லை. கடலில் கண்டதைக் கரையிலிருப்போர் அறியார். கரையில் நடந்ததை அவர் உடனிருந்து காணவில்லை. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள அவருக்குக் கிடைத்த கயிறு இருபொருட்சொல். புலம்பெயர்ந்தோர்க்கும், விடுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்கும், புகுந்த வீட்டில் வாழும் பெண்களுக்கும் இது பொருந்தும் என்றே கருதுகிறேன்.

இம்முதியவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. சென்ற ஆண்டு ஆறு பேர் அமர்ந்த திண்ணையில் இவ்வாண்டு நால்வர் இருக்கின்றனர். தோணிச் சொற்களும் காற்றின் பெயர்களும் அவர்களோடு சென்றுகொண்டிருக்கின்றன. நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாக, அவரவர் ஊரில் உள்ள இத்தகைய பேச்சைக் கேட்டுத் தொகுக்கும் பணியைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். ஒலிப்பதிவுக் கருவியைவிட முதலில் வேண்டுவது பொறுமை. அவர்கள் நகைச்சுவை சொல்லும்போது சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். சற்று நேரம் அங்கேயே அமர்ந்திருங்கள். இரண்டாம் பொருள் சிரிப்பு ஓய்ந்தபின்தான் வரும்.