மதிப்பெண்ணும் மதியும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு நடைபெறுகிறது. வென்றோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் நான்காண்டுகள் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. அதில் மனத்திறனைச் சோதிக்கும் தாளும் ஒன்று. 'முப்பது வாங்கியவனுக்கு அறுபது வாங்கியவனின் மூளையில் பாதிதான்' என்று பேசுவோர் உளர். இப்பேச்சு கணக்கின்படியே பிழையாகும். எங்ஙனம் என்பதைக் காண்போம்.

போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தராசில் நிறுக்கிறோம். ஒரு கிலோவுடன் மற்றொரு கிலோவைச் சேர்த்தால் இரண்டு கிலோ. தட்டு வெறுமையானால் பூச்சியம். ஆகவே 'இருமடங்கு' என்னும் சொல் அங்கே பொருந்தும். முப்பது பெற்ற இருவரை ஒரே பெஞ்சில் அமர்த்தினால் அறுபது பெற்ற ஒருவராகிவிடுவார்களா? ஆகார்.

அமெரிக்க உளவியலறிஞர் ஸ்டீவன்ஸ் 1946இல் அளவைகளை நான்காகப் பகுத்தார். பேருந்தின் தட எண் பெயரளவை, அது அடையாளமே. மாட்டுவண்டிப் பந்தயத்தின் முதலிடமும் இரண்டாமிடமும் வரிசையளவை. முந்தியவர் யார் எனக் கூறும், எவ்வளவு தூரம் எனக் கூறாது. வெப்பமானி இடைவெளியளவை, மேகமலையில் 15 பாகை, கம்பத்தில் 30 பாகை என்றால் வேறுபாடு 15 பாகை எனலாம், இருமடங்கு வெப்பம் எனலாகாது. அங்கே பூச்சியம் என்பது நீர் உறையும் நிலைக்கு மனிதர் இட்ட குறியேயாகும். தராசு விகித அளவை. தேர்வு மதிப்பெண் பெரும்பாலும் வரிசையளவையே. சிலர் அதனை இடைவெளியளவையாகவும் கொள்வர். விகித அளவையாக அது ஒருபோதும் ஆகாது.

1905இல் பாரிஸ் நகரில் சைமனுடன் சேர்ந்து நுண்ணறிவுச் சோதனையை வகுத்த பினே, தனியுதவி வேண்டிய குழந்தைகளைக் கண்டறியவே அதனை அமைத்தார். நீளத்தை அளப்பதுபோல் அறிவை அளக்க இயலாது என்றும் அவரே எழுதினார். நம் நாட்டுக்கு வந்தபோது அச்சோதனையை அப்படியே பயன்படுத்த இயலவில்லை. ஹெர்பர்ட் ரைஸ் 1929இல் இந்துஸ்தானியிலும், பின்னர் வி. வி. காமத் கன்னடத்திலும் மராத்தியிலும் நம் குழந்தைகளுக்கேற்ப அதனை மாற்றியமைத்தனர். மின்தூக்கியைப் பற்றி வினவினால் தோட்டத் தொழிலாளியின் மகள் திகைப்பாள். ஏலக்காய்ப் பறிப்பைப் பற்றி வினவினால் நகரத்துச் சிறுவன் திகைப்பான்.

பூச்சியம் பெற்ற குழந்தையை என்னென்பது? முல்லைப் பெரியாறு அணையில் 104 அடிக்குக் கீழுள்ள நீர் தேக்கடிச் சுரங்கவாயிலுக்கு ஏறாது. அந்நிலையில் நம் பள்ளத்தாக்குக்கு வரும் நீர் பூச்சியம். ஆனால் அணை வறண்டுவிடவில்லை. வினாத்தாளும் ஒரு சுரங்கவாயிலே. அதன் மட்டத்துக்கு எட்டாததெல்லாம் இல்லாததாகிவிடாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பணியேற்ற புதிதில் கணக்கில் பூச்சியம் பெற்ற மாணவனை 'மண்டையில் ஒன்றுமில்லை' என்று நாமும் ஏசியிருக்கிறோம். மறுவாரம் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. அளவைக்கு எட்டாததை இல்லையென்று கூறியது நமது பிழை, இழப்போ அவனுடையது.

மதிப்பெண்ணைப் புறக்கணிக்குமாறு நாம் கூறவில்லை. உதவித்தொகையும் கல்லூரி இடமும் அதன் வழியே வருகின்றன. அதனை உழைத்துப் பெறவே வேண்டும். இளைஞர்களே, மாலை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழைய வினாத்தாள்களைக் கொடுங்கள். கூட்டுத்தொகையைப் பார்த்துப் பிள்ளையை எடைபோடாதீர்கள். எந்த வினாவில், ஏன் தவறினான் என்று பாருங்கள். பெற்றோர்களே, எண் உங்கள் பிள்ளையின் நிலையைக் காட்டும்; எல்லையைக் காட்டாது.