படிக்கட்டும் பட்டப்படிப்பும்

(கல்முனையில் ஆசிரியரும் உழவரும் கூடிய அவையொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் எவ்வாறு எழுந்தது என்பதை இந்த அவைக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் பயின்ற நம் பிள்ளைகள் படிப்பைத் தொடர வழியின்றித் திரும்பினர். மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் முன்னின்று முயன்றதன் பயனாக, 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1996இல் அதுவே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அன்று நாம் எடுத்துவைத்த வாதம் யாது? தகுதியுள்ள பிள்ளை வாசலை வந்தடைய முடியவில்லையென்றால் பிழை பிள்ளையுடையதன்று, வாசலுடையது என்பதே. அந்த வாதத்தை நம் ஊர்களுக்காகச் சொன்னோம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்காகவும், கண்ணொளியோ செவிப்புலனோ இல்லாத பிள்ளைக்காகவும் அதே வாதத்தைச் சொல்ல நம் நா ஏன் தயங்குகின்றது?

உழவர் பெருமக்களுக்கு இதை விளக்குவது எளிது. சேனாநாயக்க சமுத்திரத்தில் நீர் நிறைந்து கிடக்கும் காலத்திலும், வாய்க்காலின் கடைசியிலுள்ள வயலுக்கு நீர் எட்டாமற் போவதுண்டு. அது நீர் குடிக்கத் தெரியாத வயல் என்று எந்த வட்டவிதானையாராவது சொன்னதுண்டா? வாய்க்காலைத் துப்புரவு செய்யச் சொல்வார். மதகைத் திருத்தச் சொல்வார். பிள்ளையின் காரியத்தில் மாத்திரம் நாம் வாய்க்காலைப் பாராமல் வயலைக் குறை கூறுகின்றோம்.

இயலாமைக் கற்கை என்னும் துறையின் முதற்பாடம் இதுதான். உடலிலுள்ள குறை வேறு. அக்குறையுடையாரைச் சமூகம் ஒதுக்குவதால் விளையும் இயலாமை வேறு. 1976இல் இங்கிலாந்தில், உடற்குறையுடையோர் தாமே நடத்திய சங்கமொன்று இதனைத் தெளிவாக எழுதி வெளியிட்டது. அதற்கும் முன்னர், 1962இல், எட் ரொபேட்ஸ் என்னும் இளைஞர் அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே அசைவற்றவர். அவருடைய சுவாச இயந்திரத்தின் பாரத்தை மாணவர் விடுதியின் தளம் தாங்காது என்றனர். பல்கலைக்கழக வைத்தியசாலையிலேயே தங்கிப் படித்தார். இவர் எத்தொழிலுக்கும் உதவார் என்று கூறி உதவிப்பணம் தர மறுத்தது கலிபோர்னியா மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களம். 1975இல் அதே திணைக்களத்துக்கு அவரே பணிப்பாளராக வந்து அமர்ந்தார்!

மேல்நாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். அரபு மொழி பயிலும் நம் மாணவர் தாஹா ஹுசைனை அறிவர். சிறுவயதிலேயே கண்ணொளி இழந்து, அல்அஸ்ஹரிற் பயின்று, 1914இல் கெய்ரோவிலும் பின்னர் பாரிசிலும் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். 1950இல் எகிப்தின் கல்வி அமைச்சரானார்.

நம் நாட்டிற் சட்டம் இல்லையா? உண்டு. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பிறந்த அதே 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுத்தலாகாது என்கின்றது. பொதுக் கட்டடங்களுக்குள் எவரும் தடையின்றிச் செல்ல வழிசெய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன; 2009இல் உயர் நீதிமன்றமும் அதனை வலியுறுத்திற்று. 2016இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை ஏற்றுறுதி செய்தது. ஏட்டில் யாவும் உள. படிக்கட்டு மட்டும் படிக்கட்டாகவே நிற்கின்றது.

களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் இயலாமைக் கற்கைக்கென ஒரு துறை இருக்கின்றது. பேச்சு, செவிப்புலன் சிகிச்சையாளர்களை அது பயிற்றுகின்றது. அரிய பணி; அதனை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் இக்கல்வி மருத்துவ பீடத்தோடு நின்றுவிடலாகாது என்பது எமது துணிபு. கட்டடத்தை வரைபவர் வைத்தியரல்லர், பொறியியலாளர். விதியை எழுதுபவர் சட்டம் பயின்றவர். வகுப்பை நடத்துபவர் ஆசிரியர். இவர்களுள் எவரும் இப்பாடத்தைப் படியாமலே பட்டம் பெறுவராயின், ராகமவிற் பேசக் கற்ற பிள்ளை எந்த வகுப்பிற் போய்ப் பேசும்?

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஓரடி உயரப் படிக்குப் பன்னிரண்டடி நீளத்திற் சாய்வுப்பாதை வேண்டும். எந்த மேசனாரும் கட்டித் தருவார். மேல்மாடி வகுப்பைக் கீழ்மாடிக்கு மாற்ற நேரசூசியைத் திருத்தினாற் போதும். பார்வையற்ற அவுஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள், கணினித் திரையிலுள்ள தமிழையும் வாய்விட்டு வாசிக்க உதவுகின்றது, அது இலவசம். ஆனால் விரிவுரையாளர் தம் கையெழுத்துக் குறிப்பைப் படம் பிடித்து அனுப்பினால் அதனால் வாசிக்க இயலாது. தட்டச்சிட்டு அனுப்புவதற்கு எந்த அமைச்சின் நிதி வேண்டும்?

பல்கலைக்கழகத்தையே குறைசொல்லிவிட்டு வீடு செல்வதும் நியாயமன்று. கலியாண வீட்டிற்கு விருந்தினர் வரும்போது பிள்ளையைப் பின்னறையில் இருத்துவது யார்? நாம். ‘பாவம்’ என்று கூறிச் சதகா கொடுப்போம், பாடப்புத்தகம் கொடுக்கமாட்டோம். 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அன்று காலையில் முழு உடலோடு எழுந்தவருள் எத்தனை பேர் மாலையில் அவ்வாறிருந்தனர் என்பதை மருதமுனையும் சாய்ந்தமருதும் அறியும். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 8.7 வீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கு அதிகமானோர், ஏதோ ஓர் இயலாமையோடு வாழ்கின்றனர்.

இனி ஒரு வேலை சொல்கின்றோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் பார்வையற்றோருக்கும் ஏனைய மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி ஏற்பாடு உண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் இப்பிள்ளைகளுள் பலரின் பெற்றோர் அக்கைநூலைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். பெறுபேறு வந்ததும் விண்ணப்பத் திகதி முடிவதற்குள், ஊருக்கு இரண்டு ஆசிரியரும் ஓர் உழவருமாகச் சேர்ந்து அந்த வீடுகளின் கதவைத் தட்டுங்கள். கைநூலை அங்கேயே விரித்து வைத்து, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.