ஐம்பது ஆண்டுக் கணக்கு



படைத் தேவைக்காக அரசு அடிப்படை அறிவியலுக்குச் செலவிடுவது பற்றிப் பேச ஆவடியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. 1961இல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. வடிவமைப்பு பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. நமக்கென்று ஒரு டாங்கி வேண்டும் என 1974இல் அர்ஜுன் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதை உருவாக்கியது இதே ஊரின் போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம்.

அர்ஜுனின் சக்கரங்களைச் சற்றுக் குனிந்து பாருங்கள். பக்கத்துக்கு ஏழு. ஒவ்வொன்றும் வாங்கும் அடியைத் தாங்குவது உருளைக்குள் அடைபட்ட நைட்ரஜன் வாயு. சக்கரம் மேடேறும்போது எண்ணெய் நெருக்க, வாயு சுருங்குகிறது. பள்ளத்தில் விரிந்து சக்கரத்தை மறுபடி தரையில் அமர்த்துகிறது. ஐம்பத்தெட்டு டன்னுக்கு மேல் எடை. ராஜஸ்தான் மணலில் ஓட ஓட எண்ணெய் சூடேறும், அழுத்தம் ஏறும், அதை அடைத்து நிற்கும் ரப்பர் சீல் நாளடைவில் இறுகும். சீல் கசிந்தால் அந்தச் சக்கரத்துக்குத் தாங்கு இல்லை. சூட்டில் ரப்பர் ஏன் இறுகுகிறது என்பது வேதியியல் கேள்வி. டாங்கியைக் கனவிலும் நினைக்காதவர்கள்தான் அதை முதலில் கேட்டார்கள்.

சக்கரத்தின் இந்தத் தாங்கு அமைப்பை நாமே செய்துவிட்டோம். எஞ்சினோ ஜெர்மனியின் எம்டியு நிறுவனத்திலிருந்து வந்தது. சொந்தமாக வடிவமைத்த 1500 குதிரைத்திறன் எஞ்சின் மைசூருவில் முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்டது 2024 மார்ச்சில். திட்டம் தொடங்கி ஐம்பது ஆண்டுகள்! இதற்காக நம் பொறியாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். எரிதலிலும் உயர்வெப்ப உலோகங்களிலும் தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்களை வளர்த்த நாடு எஞ்சின் செய்கிறது. வளர்க்காத நாடு வாங்குகிறது.

இப்படி ஆய்வை வளர்ப்பதால் படைக்குப் பயன் உண்டா என்று கணக்குப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1960களில் தன் இருபது ஆயுத அமைப்புகளை எடுத்து, அவற்றுக்கு உதவிய ஆய்வுகள் எவை என்று தேடியது. 'ஹைண்ட்சைட்' என்று அதற்குப் பெயர். நோக்கம் எதுவுமின்றி நடந்த அடிப்படை ஆய்வின் பங்கு அதில் ஒரு விழுக்காடுகூட வரவில்லை. ஆனால் அவர்கள் திரும்பிப் பார்த்தது சுமார் இருபது ஆண்டுகள்தான். 1968இல் அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்காக நடந்த 'டிரேசஸ்' ஆய்வு, மின்னணு நுண்ணோக்கி போன்ற ஐந்து கண்டுபிடிப்புகளை அரை நூற்றாண்டு பின்னோக்கித் துருவியது. அடித்தளமான நிகழ்வுகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு பயன் கருதாத ஆய்வு என்று தெரிந்தது. எடுத்துக்கொண்ட பொருள்கள் வேறுதான். இருந்தாலும் எத்தனை ஆண்டுக்குக் கணக்குப் பார்க்கிறோமோ, அதற்கேற்ப விடையும் மாறுகிறது. ஆண்டுக்கொரு தணிக்கையில் அடிப்படை ஆய்வு எப்போதும் வீண்செலவாகத்தான் தெரியும்.

நம் அரசு கொடுக்காமல் இல்லை. வானூர்தி ஆராய்ச்சி மேம்பாட்டு வாரியம் 1971 முதல் கல்லூரிகளுக்கு ஆய்வு நிதி தருகிறது. ஐஐடி மெட்ராஸில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பான டிஆர்டிஓவின் உயராய்வு மையம் இயங்குகிறது. 2022-23 நிதிநிலை அறிக்கை, பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியில் 25 விழுக்காட்டைத் தொழில்துறைக்கும் புத்தொழில் நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் திறந்துவிட்டது. வரவேற்கிறேன். ஆனால் மூவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தால், அடுத்த ஆண்டே பொருளைக் காட்டக்கூடியவருக்குத்தான் இலை விழும். பத்தாண்டு காத்திருக்க வேண்டிய வேதியியல் ஆசிரியர் வெறும் கையோடு திரும்புவார். அவருக்கென்று தனி ஒதுக்கீடு வேண்டும். முடிவை இதழில் வெளியிடும் உரிமையும் வேண்டும், ஏனென்றால் பூட்டிவைத்த ஆய்வேட்டிலிருந்து அடுத்த மாணவன் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அதே சமயம், நாட்டின் அடிப்படை அறிவியல் முழுவதையும் ராணுவத்தின் தோளில் ஏற்றுவதை நான் ஒப்பமாட்டேன். பெரும்பங்கை ஏற்க வேண்டியது குடிமை அரசுதான்.

தொழிற்சாலைப் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கருத்தரங்கு நடக்கும் இந்த இரண்டு நாளில், உங்கள் பட்டறையில் விடை தெரியாமல் கிடக்கும் கேள்விகளை எழுதிக் கொடுங்கள். ரகசியம் எதுவும் வேண்டாம். எந்த ரப்பர் இறுகுகிறது, எந்த உலோகம் விரிசல் விடுகிறது என்று சொன்னால் போதும். பேராசிரியர்கள் அவற்றிலிருந்து ஆய்வுத் திட்டங்களை வரைந்து, நிதி கேட்டு இந்த ஆண்டுக்குள் டில்லிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.