இலவசம் வேறு, விடுதலை வேறு
(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் அமைப்பாளர்களில் ஒரு தம்பி, "அக்கா, இது இலக்கியக் கூட்டம்" என்றார். நான் சமூகவியல் படித்தவள், எனக்கு நிரல் எழுதத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். நிலச்சீர்திருத்தம் பற்றிப் பேசியவர்கள் எல்லாம் ஏர் பிடித்தவர்கள் இல்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க ஏர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதே கேள்வியைத்தான் இன்று கணினியை நோக்கிக் கேட்கப் போகிறேன்.

முதலில் எங்கள் சொந்தக் கதை ஒன்று. 2001 வாக்கில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்தினோம். ஒன்பது இதழ்களோடு நின்றுபோனது. அதில் ஓர் இதழில் பாகூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர் தன் இளமைக்காலப் பண்ணை வேலையைச் சொல்லச் சொல்ல எழுதி, பதினொரு பக்கம் போட்டோம். நடவுக்கூலியை எந்த மரக்காலால் அளந்தார்கள், எந்த மரக்காலால் வாங்கினார்கள் என்று வித்தியாசத்தோடு சொன்னவர். அவர் இப்போது இல்லை. ஒலிநாடாவின் மேல் வேறு எதையோ பதிந்துவிட்டோம். அச்சிட்ட முந்நூறு பிரதியில் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. கோப்பு மட்டும் ஒரு குறுந்தகட்டில் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அதைத் திறந்து பார்த்தோம். திறக்கவில்லை. பக்கம் வடிவமைத்த மென்பொருள் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். அதை அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். எழுத்துரு இன்னொருவருக்குச் சொந்தம். அதற்குரிய பூட்டுச் சாவியைக் கணினியில் செருகினால்தான் வேலை செய்யும். அந்தச் சாவி டி.டி.பி. கடையோடு போய்விட்டது. பாட்டியின் வாழ்க்கை எங்கள் கையில் ஒரு வட்டத் தகடாக இருந்தது. ஆனால் அதைப் படிக்கிற உரிமை எங்களிடம் இல்லை.

இதைப் பண்டிதரோடு சேர்த்துப் பாருங்கள். 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. ஓராண்டு கழித்து 'தமிழன்' ஆனது. 1914இல் பண்டிதர் மறைந்தார். அதன்பின் நீண்ட காலம் தமிழ் அறிவுலகம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோலார் தங்கவயல் தோழர்களும் பௌத்தக் குடும்பங்களும் பழைய தாள்களைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்தது. எண்பத்தைந்து ஆண்டு ஒதுக்கி வைத்தும் பண்டிதரை அழிக்க முடியாமல் போனதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அந்தத் தாளைப் படிக்கலாம். அச்சகக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டாம். அவர் எங்களைப்போல் பூட்டிய கோப்பில் எழுதியிருந்தால் இன்று இந்தக் கூட்டமே இருக்காது.

அச்சு எந்திரத்தை நம் முன்னோர்கள் வேடிக்கை பார்க்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1920இல் அண்ணல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு தருகிறோம் என்று சொல்லியும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. அடுத்தவன் மேடையில் நமக்கு இடம் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் சொந்த இதழ் நடத்தினார்கள். நாம் என்ன செய்கிறோம்? நம் கவிதை, கூட்ட அறிவிப்பு, போராட்டப் படம், உள்விவாதம் அத்தனையையும் இரண்டு மூன்று அமெரிக்க நிறுவனங்களின் திண்ணையில் வைத்திருக்கிறோம். எப்போது எழுந்து போகச் சொன்னாலும் போக வேண்டியதுதான்.

ஊற்றப்படும் தண்ணீர்

பாகூருக்கும் கல்விக்கும் பழைய உறவு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் இதைப் பெருமையாக எழுதுவார்கள். எனக்கு ஒரு கேள்விதான் வரும். அந்த மூன்று கிராமத்திலும் வயலில் நின்றவர்களின் பிள்ளைகள் அந்தக் கல்விக்கூடத்தின் வாசல்படியை மிதித்திருப்பார்களா? அறிவை ஒரு கூட்டம் பூட்டி வைத்துக்கொள்ள, இன்னொரு கூட்டம் அதற்கு நெல் அளந்தது.

மென்பொருளுக்குள் மூலநிரல் என்று ஒன்று உண்டு. மனிதர்கள் படிக்கக்கூடிய கட்டளைகள் அவை. பெருநிறுவனங்கள் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, எந்திரத்துக்கு மட்டும் புரியும் வடிவத்தை நம்மிடம் விற்கின்றன. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்கிற அமெரிக்க நிரலாளர் 1983இல் இதை எதிர்த்து 'குனு' திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருளுக்கு நான்கு உரிமைகள் வேண்டும் என்பது அவர் வாதம்: எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றலாம், படியெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம். 1991இல் லினக்ஸ் கருநிரல் வந்து சேர, முழுக் கணினியையும் கட்டற்ற மென்பொருளால் ஓட்டுகிற நிலை வந்தது.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் இந்த வித்தியாசத்தை விளக்கி விளக்கிச் சோர்ந்துபோனார்கள். நமக்கு விளக்க வேண்டியதில்லை. நம் தாத்தாக்கள் ஊர்க்கிணற்றடியில் நின்று கை ஏந்தினார்கள். மேலேயிருந்து யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீருக்குக் காசு வாங்கவில்லை, அது இலவசம்தான். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் குளத்தில் இறங்கி அள்ளிக் குடித்தது வேறு. தாகத்துக்காக மட்டும் அவர் போகவில்லை, உரிமையை நிலைநாட்டப் போனார்.

2015இல் ஃபேஸ்புக் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று ஏழைகளுக்கு இலவச இணையம் தருவதாக வந்தது. இணையம் முழுவதும் அல்ல, அவர்கள் வகுத்த எல்லைக்குள் வரும் தளங்கள் மட்டும். 2016 பிப்ரவரி 8இல் டிராய் அப்படிப்பட்ட பாகுபாட்டுக் கட்டணங்களுக்குத் தடை போட்டது. அதுவும் ஊற்றப்படும் தண்ணீர்தான்.

கையெழுத்து இல்லாத உத்தரவு

முன்வரிசை அம்மாக்கள் கேட்கலாம்: எங்களுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? சம்பந்தம் உங்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 2015 செப்டம்பரில் ரேஷன் பொருளுக்குப் பதில் வங்கியில் பணம் போடும் சோதனையைச் சண்டிகரோடு சேர்த்து நம் புதுச்சேரியில்தான் ஆரம்பித்தார்கள். அரிசிக்கடை மூடிக் கிடந்த ஆண்டுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நூறுநாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் கைபேசிச் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்தால்தான் வருகை என்று கட்டாயமாக்கினார்கள். 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்றார்கள். இதையெல்லாம் எதிர்த்து 2023 பிப்ரவரியில் பல மாநிலத் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள்.

முன்பு கூலியை மறுக்க ஓர் ஆள் வேண்டும். அவர் பெயர் தெரியும், முகம் தெரியும். அவர் அலுவலகத்துக்கு முன்னால் நாம் கொடியோடு உட்காரலாம். இப்போது "சிஸ்டம் எடுக்கலம்மா" என்கிறார்கள். சிஸ்டம் என்பது யார்? யாரோ எழுதிய கட்டளைகள். எந்த நிபந்தனை பொருந்தாமல் என் பெயர் விழுந்தது என்பது அந்த மூலநிரலில் இருக்கிறது. மக்களின் சோற்றையும் கூலியையும் தீர்மானிக்கிற நிரல் ஓர் அரசாணைக்குச் சமம். அரசாணையைப் பொதுவில் வைக்க வேண்டும் என்றால் நிரலையும் பொதுவில் வைக்க வேண்டும். 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் நியாயம் இங்கேயும் பொருந்தும். கட்டற்ற மென்பொருளை நான் ஆதரிக்க முதல் காரணம் இதுதான். காசு மிச்சமாவது இரண்டாம் பட்சம்.

பண்ணை மாறினால் போதுமா?

2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். நயாரா என்கிற எண்ணெய் நிறுவனம், குஜராத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருப்பது. ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை விதித்ததும், மைக்ரோசாஃப்ட் அதற்கு வழங்கிவந்த சேவைகளை நிறுத்திவிட்டது. டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகு திரும்பக் கொடுத்தார்கள். ஓர் எண்ணெய் ஆலைக்கே அந்த நிலை என்றால், ஒரு சிற்றிதழின் கணக்கு எம்மாத்திரம்?

உடனே 'சுதேசி' என்று குரல் வருகிறது. மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலை நம் தமிழ்நாட்டு சோஹோவுக்கு மாற்றியிருக்கிறார்கள். தென்காசிப் பக்கத்தில் வேலை கொடுக்கிறார்கள் என்றால் நல்லது. ஆனால் அங்கேயும் மூலநிரல் பூட்டித்தான் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. மறுநாள் காலை வில்லியனூர் வயலுக்குக் கூலிக்குப் போனவர்கள் அதே ஆட்கள்தான். நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்கள் பெயரிலேயே இருந்தது.

பெருநிறுவனத்துக்குள்ளும் சாதி இருக்கிறது. 2020 ஜூனில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவரை ஆதிக்கசாதி இந்திய மேலாளர்கள் பாகுபடுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு, நிறுவனம் மறுத்தது. 2023இல் அந்த இரு மேலாளர்கள் மீதான வழக்கைத் துறையே விலக்கிக்கொண்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. 2022 ஏப்ரலில் தமிழ் வம்சாவளித் தலித் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜனின் உரையை கூகுள் ரத்து செய்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் தள்ளிவிட்டார். கடல் தாண்டியும் சாதி கூடவே போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் பக்கத்து விமர்சனம்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தையும் நான் சும்மா விடப் போவதில்லை. "திறமை இருந்தால் யாரும் வரலாம், வாசல் திறந்துதான் இருக்கிறது" என்கிறார்கள். இந்த வாக்கியத்தை இடஒதுக்கீட்டு எதிர்ப்பாளர்களிடமிருந்து நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். நிரல் திறந்திருந்தாலும் படிக்க ஆங்கிலம் வேண்டும், கணினி வேண்டும், சம்பளமில்லாமல் உழைக்கிற ஓய்வுநேரம் வேண்டும். அந்த ஓய்வு யார் வீட்டில் இருக்கிறது?

ஆனாலும் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. பெங்களூர் சுதர்சன் லேஅவுட் குடிசைப்பகுதியில் கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்களும் அங்கிருந்த இளைஞர்களும் சேர்ந்து, பழைய கணினிகளில் 'அம்பேத்கர் சமூகக் கணினி மையம்' நடத்தினார்கள். விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. புதுச்சேரியிலேயே கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது.

இன்னொரு பாடமும் உண்டு. எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த தலித் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர், 2006, 2007 காலத்தில் அந்நிறுவனத்தின் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிகள் போயின. 2010 ஜூலையில் அவருடைய சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி அரசு அவரை இடைநீக்கம் செய்தது. எதிர்ப்புக்குப் பின் ஆகஸ்டில் திரும்பப் பெற்றது. லினக்ஸுக்காக இடைநீக்கம் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு செய்தாலும் நம் ஆளிடம் கடைசியில் சான்றிதழைத்தான் கேட்பார்கள் என்று சொல்கிறேன். அவர் போன பிறகு அந்த வேகமும் போனது. 2011இன் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ் மீண்டும் வந்தது. கேரளத்தில் அப்படி ஆகவில்லை. அங்கே ஆசிரியர் சங்கங்கள் வாதாடின, ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள், பள்ளிகளில் இன்றும் கட்டற்ற மென்பொருள் நிற்கிறது. ஒரு நல்ல அதிகாரியை நம்பி நின்றதற்கும் அமைப்பாகத் திரண்டு நின்றதற்கும் உள்ள வித்தியாசம் இது.

என்ன செய்யலாம்?

மூன்று காரியம் சொல்கிறேன். ஒன்று, இந்த மன்றத்தின் பழைய இதழ்கள், துண்டறிக்கைகள், வழக்குத் தாள்கள் அனைத்தையும் ஒருங்குறியில், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத கோப்பு வடிவத்தில் சேமிப்போம்; மூன்று ஊர்களில் மூன்று படி வைப்போம். இரண்டு, நம் இரவுப் பாடசாலையில் பழைய கணினி நான்கைந்து சேர்த்து லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளிடம் விடுவோம். உடைத்துப் பார்க்கட்டும். மூன்று, ரேஷன், கூலி, உதவித்தொகை ஆகியவற்றைத் தீர்மானிக்கிற மென்பொருளின் விதிகளைத் தமிழில் வெளியிடச் சொல்லி மனுக் கொடுப்போம். பெயர் விழுந்தால் காரணத்தை எழுத்தில் கேட்போம்.

பாட்டியின் கதை என்னானது என்று சொல்லாமல் முடித்தால் திட்டுவீர்கள். பொறியியல் படிக்கும் நம் பிள்ளை ஒருவன் அந்தக் குறுந்தகட்டை வாங்கிப் போனான். பூட்டிய கோப்பு வடிவங்களை அலசி ஆராய்ந்து திறக்கும் நிரல்களை லிப்ரே ஆபிஸ் பக்கத்துத் தன்னார்வலர்கள் எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். யாரென்றே தெரியாத அந்த மனிதர்களின் உழைப்பால் கோப்பு திறந்தது. எழுத்துகள் கிறுக்கலாக வந்தன. எந்தக் கிறுக்கல் எந்தத் தமிழ் எழுத்து என்று அவன் ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு மாற்றினான். பதினொரு பக்கத்தில் ஒன்பது பக்கம் திரும்பி வந்துவிட்டது. அந்த மரக்கால் கணக்கும் அதில் இருக்கிறது. வெளியே மேசையில் படிகள் வைத்திருக்கிறோம். எடுத்துப் போங்கள், படியெடுங்கள், அடுத்தவருக்குக் கொடுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஜெய் பீம்.