கதவு அடைத்தாலும் கால் நடக்கட்டும்

 

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகமெங்கும் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அந்த 21 நாள் பின்னர் மாதக்கணக்கில் நீண்டது. கடலூர் வெள்ளிக் கடற்கரையில் விடியற்காலையில் நடந்து பழகியோருக்கும், விளையாட்டரங்கில் ஓடிப் பழகியோருக்கும் அவ்விடங்கள் ஒரே நாளில் எட்டாதவை ஆயின. உடற்பயிற்சிக் கூடங்கள் ஆகஸ்டு 10-ஆம் நாள்தான் திறந்தன; கடற்கரைக்குச் செல்ல டிசம்பர் 14 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பண்ருட்டியை அடுத்த அண்ணாகிராமம் ஒன்றியத்துச் சிற்றூர்களில் உடற்பயிற்சி என்ற சொல்லே பலருக்குத் தேவைப்பட்டதில்லை. வயல் வரப்பும் கரும்புக் கொல்லையும் அவர்களுக்கு அப்பயிற்சியை அளித்து வந்தன. வேளாண் பணிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டமையால் உழவரின் உடல் அப்போதும் ஓயவில்லை. ஓய்ந்தவை வேறு உடல்கள். கடையைப் பூட்டிய வணிகர், மாலையில் நடந்துவந்த ஓய்வூதியர், மிதிவண்டியில் பள்ளி சென்ற சிறுவர் ஆகியோர் வீட்டுக்குள் அமர்ந்தனர். மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, அங்கே வேலை செய்த தொழிலாளர் பலர் கடலூர் மாவட்டத்துக்குத் திரும்பினர். மாவட்டத்தின் தொற்றுக் கணக்கும் விரைந்து உயர்ந்தது. முன்நாள்வரை மூட்டை சுமந்த தோள்கள் தனிமைப்படுத்தும் அறைகளில் முடங்கின.

அசையாத உடல் எவ்வளவு விரைவாகத் தளரும் என்பதை மருத்துவ உலகம் முன்பே அறிந்திருந்தது. 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நலமுடன் இருந்த முதியவர்கள் 10 நாள் படுக்கையிலேயே இருத்தப்பட்டனர். அதற்குள் அவர்களின் கால்களில் தசை உள்ளிட்ட மென்திசு ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்துபோயிற்று. ஊரடங்கு படுக்கை அன்று. ஆயினும் நாற்காலிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே கழிந்த மாதங்கள் முதியோரின் கால் வலுவைக் கரைக்கவல்லவை. நீரிழிவு உடையோருக்கு இழப்பு இன்னும் பெரிது. நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துச் செலவிடுகின்றன. நடை நின்றால் அச்செலவும் சுருங்குகிறது.

இந்நிலையில் சிலரது பயிற்சி நின்றது. சிலரது பயிற்சி தொடர்ந்தது. கடற்கரையே நடை என்று கொண்டவரின் பழக்கம் கடற்கரையோடு மூடப்பட்டது. காலை 6 மணியே நடை என்று கொண்டவர் மொட்டைமாடியில் நடந்தார். இடத்தைப் பற்றி நிற்கும் பழக்கம் எளிதில் முறியும். நேரத்தைப் பற்றி நிற்கும் பழக்கம் இடம் மாறியும் வாழும்.

இங்கிலாந்தில் 99 வயது நிரம்பிய கேப்டன் டாம் மூர் இதற்குச் சான்றானார். 2020 ஏப்ரலில், தள்ளுவண்டி நடைகோலைப் பிடித்தவாறு, 25 மீட்டர் நீளமுள்ள தம் வீட்டுத் தோட்டத்தை 100 முறை நடந்து முடித்தார். மருத்துவப் பணியாளருக்கு உதவ அவர் தொடங்கிய அம்முயற்சிக்கு 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் நிதி குவிந்தது. 25 மீட்டர் என்பது நம் தெருவில் நான்கைந்து வீட்டு வாசல்களின் நீளமே.

10 மீட்டர் நீளமுள்ள மாடியில் 100 முறை சென்று திரும்பினால் 2 கிலோமீட்டர் நிறையும். நீளம் போதாத முற்றத்தில் எட்டு வடிவக் கோட்டில் நடக்கலாம். இம்முறை தமிழகத்தில் பலரும் அறிந்ததே. உலக நலவாழ்வு நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைப்படி, வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும். தசை வலுவுக்கான பயிற்சி வாரத்தில் இரு நாளேனும் வேண்டும். ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் அதில் நீக்கப்பட்டது. ஆகவே ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் நடக்கும் சில நிமிடங்களும் கணக்கில் சேரும். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் கைகளை ஊன்றாது பத்து முறை அமர்ந்து எழுவது தொடைகளுக்கு நல்ல பயிற்சி. தண்ணீர் நிரம்பிய ஒரு லிட்டர் புட்டி ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கல்.

இவ்விடத்தில் ஆடவர் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஊரடங்கில் வீட்டார் அனைவரும் வீட்டிலேயே இருந்தமையால், பல இல்லங்களில் பெண்களின் வேலை இரட்டித்தது. ஒருவர் உடற்பயிற்சிக்கு வழியில்லை என்று வருந்திய அதே வீட்டில், மற்றொருவர் இடைவிடாது குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். பெருக்குவதும், துணி துவைப்பதும், தண்ணீர் சுமப்பதும் பகிர்ந்துகொள்ளப்பட்டால் ஒருவருக்குப் பயிற்சியும் மற்றவருக்கு ஓய்வும் கிடைக்கும்.

அளவு மீறுதலும் தகாது. மார்பு வலி, தலைச்சுற்றல், மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். தொற்றிலிருந்து மீண்டவர்கள் போதிய ஓய்வுக்குப் பின் சிறிது சிறிதாகவே தொடங்குதல் நலம்.

ஓரிடத்தில் தங்கும் காலத்தையும் ஒழுக்கத்தால் நிரப்பலாம் என்பது இந்த அவைக்குப் புதிதன்று. ஊர் ஊராக நடந்தே செல்லும் துறவியர் மழைக்காலத்து நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குகின்றனர். அப்போது பயணம் நிற்கிறது. நாள்வழி நோன்பும் நியமமும் நிற்பதில்லை.

பெருந்தொற்று கடந்துவிட்டது, இனி இவ்வறிவுரை எதற்கு என்று எவரும் எண்ண வேண்டா. 2011-இல் தானே புயலும், 2024-இல் ஃபெஞ்சல் புயலும் கடலூர் மாவட்டத்தைத் தாக்கின. வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது இங்கே கதவுகள் அடைபடுவது வழக்கமே. அறுவை சிகிச்சையும் முதுமையும் மனிதரை வீட்டுக்குள் இருத்துவதுண்டு. ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் இன்றே ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்வதாக! வீட்டிலேயே நடக்கத்தக்க ஒரு நீளத்தை அளந்துவைப்பதாக! தாத்தா எண்ண, பேரப்பிள்ளைகள் உடன் நடக்க, அந்நேரம் நாள்தோறும் தவறாதிருப்பதாக! அப்படிப் பழகிய வீட்டில், வெளிக்கதவு மூடும் நாளிலும் முதியோர் தம் காலில் தாமே நிற்பர்.